பத்தாவது ஆள்

"ஒன்பது பேர்தான் இருக்கோம். இன்னும் ஒருத்தர் வராம அம்மாவுக்கான ஜெபத்தை நீ சொல்ல முடியாது, யோப்" என்றார் யூத மதகுருவான ரப்பி.

துக்கம் காப்பவர்களுக்கான குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்த யோப்புக்குக் கண் கலங்கியது. அம்மா பெட்யேயை அடக்கம் செய்த வாரம் அது. குரோனிங்கன் நகரில் யூத ஆண்கள் பத்துப் பேர் சேர்வதே பெரும்பாடு. தினமும் வந்த பென்னோ இன்று காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பொம்பளைன்னா கணக்குல வராது!" என்று முணுமுணுத்தாள் அக்கா ரெபெக்கா. "அம்மா போவாங்களே, அந்த நாடகக் கொட்டகை. அங்க நம்மாளு யாராச்சும் இருப்பாங்க. போன் போட்டுப் பார்க்கவா?"

யோப்புக்குச் சுருக்கென்றது. "அந்தக் கொட்டகைக்கா? சாப்பாட்டு மேசைல எல்லாரும் உட்காந்திருப்போம். போன் அடிக்கும். அம்மா சூப்பை அப்படியே விட்டுட்டு, கோட்டை மாட்டிக்கிட்டு ஓடுவாங்க. அப்படி என்னக்கா நாடகப் பைத்தியம்?"

"திரும்பி வந்து நமக்கு எத்தனை வேஷம் நடிச்சுக் காட்டுவாங்க! ராஜா, திருடன், கழுதைன்னு. நீ சிரிச்சுச் சிரிச்சு சூப்பைச் சட்டைல கொட்டிக்குவியேடா, மறந்துட்டியா?" அவன் பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மழையில் நனைந்தபடி ஒரு பெரியவர். முகத்தில் பாதி போட்ட அரிதாரம் கரைந்து காலரில் வழிந்துகொண்டிருந்தது.

"எலியாஸ்னு பேரு. பிறப்பால யூதன்தான். ஆனா ஜெபமெல்லாம் மறந்துபோச்சுங்க. சும்மா நின்னாப் போதுமா?"

"தாராளமாப் போதும். உள்ள வாங்க" என்றார் ரப்பி.

யோப் எழுந்து நின்று ஜெபம் சொன்னான். அம்மா இருந்த நாள்களுக்கெல்லாம் சேர்த்து நன்றி சொல்வதுபோல் இருந்தது அவனுக்கு. நடுவில் ஒருமுறை குரல் உடைந்தது. பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டிக்கொடுத்தது.

வழியனுப்ப வாசல்வரை வந்தவன் எலியாஸின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "சாகுறவரைக்கும் இந்த உதவியை மறக்க மாட்டேங்க. இன்னிக்கு நாடகம் இருக்கு போல. வேஷம் போடுறதைப் பாதில விட்டுட்டு ஓடி வந்திருக்கீங்க."

"அட, நீங்க வேற தம்பி!" எலியாஸ் காலரைத் துடைத்துக்கொண்டார். "எங்க கொட்டகைல பழைய விதி ஒண்ணு இருக்கு. பத்துப் பேராவது வந்தாத்தான் திரையைத் தூக்குவோம். ஒன்பது பேரே வந்து உட்காந்திருக்கிற அன்னிக்கெல்லாம், நாங்க உங்க அம்மாவுக்குத்தான் போன் பண்ணுவோம்."