எந்தப் பாட்டு?

"எங்க கிட்டார்தான் அவனை இழுத்துச்சு!" என்றான் வாலிபர் குழுத் தலைவன்.

"சும்மா இருடா. பழைய பாட்டுக்குத்தான் உருகினான்" என்றார் ஆர்கன் வாசிக்கும் பெரியவர்.

போதகருக்குத் தலை வலித்தது. பாட்டுச் சண்டையில் சபையே இரண்டாகிவிடும் போலிருந்தது. இன்றோடு ஆலயச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று கையில் எடுத்து வைத்திருந்தார். இன்றைக்குப் பார்த்து, தெருவே பயப்படும் அந்தக் குடிகார டிரைவர் ஆராதனையில் மண்டியிட்டுக் கதறிவிட்டான்.

"அவனையே கேளுங்க ஐயா!"

கேட்டார்கள். டிரைவர் விழித்தான்.

"பாட்டா? போன ஞாயித்துக்கிழமை, எல்லாரும் போனப்புறம் ஜன்னலுக்கு வெளியே விழுந்து கிடந்தேங்க. உள்ளே யாரோ தனியா அழுதாங்க. 'ஆண்டவரே, என்னால முடியல. இனி நீரே பாத்துக்கும்'னு. அட, இது நான் சொல்ல வேண்டியதாச்சேன்னு நானும் சொன்னேன். அன்னையிலேருந்து பாட்டிலைத் தொடல."

"யாருப்பா அது?" இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"மூஞ்சியைப் பாக்கலீங்க."

போன ஞாயிறு கடைசியாகக் கதவைப் பூட்டிய போதகர், சாவியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.