கூப்பிடுகிற சொந்தம்

“கூப்பிடுற சொந்தமா, ரத்த சொந்தமா?” என்று கேட்டாள் ரத்த வங்கிப் பெண்.

கண்டக்டரின் கையில் ஊசி ஏறியிருந்தது. பக்கத்து நாற்காலியில் டிரைவர், மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மடியில் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. காலையிலிருந்து அண்ணே, அண்ணி, சித்தப்பா என்று ஒரே உறவுமுறையாகத்தான் அவள் காதில் விழுந்திருக்கும்.

“கூப்பிடுறதுதாங்க. ஒரே பஸ்ல வேலை பாக்குறோம்.”

பதினாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவன் நாக்குக்குப் பழகிப்போன பதில் அது.

“அப்ப சரி. ரத்த சொந்தம்னா பையைக் கதிர்வீச்சு மெஷின்ல வெச்சு எடுத்துதான் ஏத்தணும். அந்நிய ரத்தத்துல வர்ற அணுக்களை உடம்பே அடிச்சு விரட்டிடும். சொந்தத்து ரத்தம்னா நம்மாளுதானேன்னு உள்ள விட்டுடும். அது தங்கிப் பெருகி, கடைசியில ஆளையே கொன்னுடும்.”

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு, ‘உறவு இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.



மூன்றாவது மாடியில், மத்தியானம் நடக்கப்போகும் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்த பதினாலு வயசுப் பெண் அவனுடைய மகள். அது இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவனுக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவுக்கும். டிரைவர் ஆறு மாதம் வெளியூர் டிப்போவில் கிடந்த வருஷம் நடந்தது அது. அதற்கப்புறம் அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

டிரைவர் எழுந்தார். “டீ வாங்கிட்டு வரேன்” என்று வெளியே போனார்.

நல்ல மனுஷன். பதினெட்டு வருஷமாக இருவருக்கும் ஒரே வண்டி. இவன் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவார், இரண்டு கொடுத்தால் எடுப்பார். என்ன ஏது என்று ஒருநாளும் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. தலைக்கு மேலே கண்ணாடி இருந்தது, அது போதும் அவருக்கு.

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே போனாள்.

பொய்யாக ஏதாவது ஒரு உறவைச் சொல்லித் தப்பலாம் என்றால், சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் டிரைவர். இரண்டு குடும்பத்துக்கும் ரத்த உறவு எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

சொன்னால் அந்தக் குடும்பம் போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் யோசித்தான் பாவி. அரை மணி நேரம், சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தான்.

பிறகு எழுந்து உள் ஜன்னலுக்குப் போனான். 

“அம்மா, அந்தப் பையை மெஷின்ல வெச்சிடுங்க. நான் அந்தப் புள்ளைக்கு...”



“வெச்சாச்சே” என்றாள் அவள். பையைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஒட்டியிருந்த சின்ன வட்டச் சீட்டு, கதிர் பட்டுக் கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. “பொண்ணோட அப்பா அப்பவே வந்து சொல்லிட்டாரு. நீங்க எதுக்குங்க இல்லைன்னீங்க?”

ஜன்னல் பலகையில் படிவம் கிடந்தது. அவள் போட்ட டிக்கின் மேல் ஒரு கோடு. ‘நெருங்கிய ரத்த சொந்தம்’ என்ற கட்டத்தில் வேறொரு டிக், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தமாக. என்ன உறவு என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே கையெழுத்து. தினமும் டிரிப் ஷீட்டில் அவன் பார்க்கிற கையெழுத்துதான்.

திரும்பினான். இரண்டு கப்புகளோடு டிரைவர் பின்னால் நின்றிருந்தார். கண்ணாடியில் இல்லாமல், நேருக்கு நேராக அவனைப் பார்த்தார்.

“குடி. ரத்தம் குடுத்திருக்க. சர்க்கரை தூக்கலா போடச் சொன்னேன்.”

கண்டக்டர் வாங்கிக்கொண்டான். டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.