பிள்ளை மருந்தும் முப்பது விநாடியும்

ஒரு வீட்டில் பழைய கைப்பேசி ஒன்று இருந்தது. அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்த நேரத்தைக் குறித்து வைக்க எழுதும் செயலி ஒன்றை அம்மாக்காரி தேடினாள். இலவசம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு செயலிகள் கைப்பேசியின் முன் வந்து நின்றன.

பளபளப்பானது முந்திக்கொண்டது. "அண்ணே, மைக்கைத் திறந்து விடுங்க. கேமராவையும். அப்படியே வீட்டு விலாசம், சொந்தக்காரங்க நம்பர் எல்லாம் குடுங்க."

கைப்பேசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டா, நீ எழுத வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா?"

"வழக்கமா கேக்கறதுதான் அண்ணே. யாரும் படிச்சுப் பார்க்கறதில்ல."

அது சொன்னபடியே நடந்தது. குழந்தை வீறிட்ட அவசரத்தில் அம்மாவின் விரல் எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று அழுத்திவிட்டது. காலையில் மருந்து கொடுத்த நேரத்தை எழுதி வைத்தாள். மதியம் காய்ச்சல் ஏறியபோது ஓடிவந்து திறந்தாள். அந்த வரியின்மேல் சோப்பு விளம்பரம் ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த வேளை கொடுக்கலாமா, கூடாதா?

"தள்ளுடா அதை! பிள்ளை மருந்துடா!" என்று கத்தியது கைப்பேசி.

"முப்பது விநாடி பொறுங்க அண்ணே."

முப்பதாவது விநாடியில் அவள் நேரத்தைப் பார்த்தாள், மருந்தைக் கொடுத்தாள், கையோடு அந்தச் செயலியை நீக்கினாள். ஓரமாக நின்றிருந்த மற்றதைக் கைப்பேசி முறைத்தது. "உனக்கு என்னடா வேணும்?"

"ஒரு வெள்ளைத் தாள் போதும் அண்ணே."

வெளியேறிய பளபளப்பு திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "கோவிச்சுக்காதீங்க அண்ணே. உங்க சொந்தக்காரங்க நம்பர் எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு."