கையேட்டின் கடைசிப் பக்கம்

இலவசமாகக் கிடைத்த மென்பொருளில் நாலு இடத்தைத் திருத்தினோம். உரிமத்தின்படி அதை முதலில் எழுதியவர் பெயர் அதில் இருந்தாக வேண்டும்.

"யாரு பாக்கப்போறா? எல்லா இடத்துலயும் செந்தும்பி சாஃப்ட்வேர்னு நம்ம பேரப் போடும்மா," என்றார் மேனேஜர் தணிகைவேல். கையேட்டையும் சேர்த்து, எழுதியவர் பெயர் இருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு இடங்களிலும் ஒரே கட்டளையில் மாற்றினேன்.

மென்பொருளை வாங்க வந்த அம்மாள் கையேட்டின் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார்: "செந்தும்பி சாஃப்ட்வேர் போன தை மாதம் இறந்துவிட்டான். இதை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். என் மகன் பெயரை மட்டும் அழித்துவிடாதீர்கள்."

தணிகைவேல் என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள பேரு என்னம்மா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

தேடும் கட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டியவள் நான்தான். ஓர் எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.