சுருதி தப்பும் இடம்

முதியோர் இல்லத்து அறைக்குள் மகன் வந்ததிலிருந்து அப்பா அவனை "சார்" என்றுதான் கூப்பிடுகிறார். அலுவலகத்தில் அந்த ஒரு வார்த்தைக்காகவே உயிர் வாழ்கிற மனுஷன், இங்கே அதைக் கேட்கக் கேட்கச் சுருங்கிப்போகிறான். இசையால் ஞாபகத்தைத் தட்டியெழுப்பப் போவதாக முழங்கி சிகிச்சை நிபுணர் ஒருவர் மாட்டிவிட்டுப் போன ஹெட்போனை, ஒரு காலத்துப் பாட்டு வாத்தியாரான அப்பா கழற்றித் தலையணைக்கடியில் புதைத்துவிட்டார். ஜன்னல் வெயில் அவருடைய கன்னத்துச் சோப்பு நுரையில் மினுங்குகிறது. தாடையைத் தாங்கிப் பிடித்துச் சவரம் செய்தபடி மகன், சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்த பாட்டொன்றைத் தன்னையறியாமல் முணுமுணுக்கிறான். மேலே ஏறுகிற இடத்தில் சுருதி வழக்கம்போல் காலை வாருகிறது. சாவி கொடுத்ததுபோல் அப்பாவின் கை எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறது. ரேசர் அந்தரத்தில் நிற்கிறது. "இருங்க சார். இந்த எடத்துல இப்படி எறங்க ஒரு கழுதையாலதான் முடியும்." "யாருங்க அது?" "எம் பையன்தான், வேற யாரு? தலைகீழா நின்னு சொல்லிக்குடுத்தேன், வரவே இல்ல." கட்டிய மனைவியின் பெயர்கூடத் தங்காத அந்தத் தலைக்குள், மகன் தவறவிட்ட அந்த அரை இழைச் சுருதி மட்டும் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது. நுரைக்குள் அப்பாவின் முகம் மெல்ல மலர்கிறது. "எங்க, இன்னொரு தடவ பாடுங்க. அவன் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு." எங்கே இந்தத் தடவை சரியாகப் பாடித் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்துடன் மகன் மூச்சை இழுக்கிறான்.