கருங்காலி

"அந்தக் கருங்காலி தினமும் என் வீட்டுக் கொல்லைக்குள்ள வந்துட்டுப் போறான்டா. இன்னிக்கு என் கண்ணாலயே பார்த்தேன்."

அக்கா மொரீன் போனில் இப்படிச் சொன்னதும், கீத் போட்டது போட்டபடி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கருங்காலி என்றால் அந்தத் தெருவில் ஒரே ஆள்தான். பக்கத்து வீட்டு டெரெக். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் மொத்தப் பேரும் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தபோது, சங்கத்தை மீறி, போலீஸ் காவலோடு உள்ளே வேலைக்குப் போனவன். அந்தச் சுரங்கமே மூடிப் பல காலமாகிவிட்டது. மொரீனின் புருஷன் நெஞ்சில் கரித்தூசி அடைத்துச் செத்தும் போனான். ஆனாலும் டெரெக்கோடு யாரும் பேசுவதில்லை. அவன் மனைவி இறந்த அன்றுகூட எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை.

மொரீன் கொல்லைக் கதவைத் திறந்து காட்டினாள். முழங்கால் உயரப் பனி. அதில், குட்டைச் சுவரிலிருந்து நேராகச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வரைக்கும் பூட்ஸ் தடம். ஜன்னலடியில் தண்ணீர் கொட்டி, கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது.

விடியற்காலை ஐந்தரைக்கு, கையில் கெட்டிலோடு வந்தானாம். "நான் வழுக்கி விழுந்து சாகணும்னுதானே ஊத்திட்டுப் போறான்?" என்றாள்.

கீத்துக்கு ரத்தம் கொதித்தது. போய் டெரெக்கின் கதவை இடித்தான்.

கதவு திறந்தது. நரைத்த தலை. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நின்ற ஆளைப் பார்த்ததும் கீத்துக்கு ஒரு நொடி அடையாளமே தெரியவில்லை.

"எங்க அக்கா தனியா இருக்குன்னு துணிச்சலா? எதுக்குடா சுவரேறிக் குதிக்கிற?"

டெரெக் கோபப்படவில்லை. "உங்க அக்கா வீட்டு பாய்லர் நீ மாட்டினதுதானே தம்பி?" என்று கேட்டார்.

"ஆமா. அதுக்கென்ன?"

டெரெக் சொல்லச் சொல்ல, கீத்தின் முகம் மாறியது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பனி விழத் தொடங்கிய மறுநாள் காலை, அந்தப் பக்கம் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றிருக்கிறது. திரும்பப் பற்றியிருக்கிறது. திரும்ப நின்றிருக்கிறது. பத்து தடவை. டெரெக் வீட்டு பாய்லரும் போன குளிர்காலத்தில் அப்படித்தான் செய்ததாம். அதனால் அவர் கொல்லைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பார்த்ததுமே விளங்கிவிட்டது.

அது வீட்டைச் சூடாக்கும் புது ரக கேஸ் பாய்லர். புகையோடு போகிற சூட்டையும் விடாமல் இழுத்துக்கொள்ளும். அப்போது புகையிலிருக்கும் ஈரம் தண்ணீராகிச் சொட்டும். அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வெளியே போயாக வேண்டும். குழாய் உறைந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, பாய்லர் தானாகவே அணைந்துவிடும்.

குழாயைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுபோய்த் பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக்குழாயோடு சேர்ப்பதுதான் முறை. அது கீத்துக்குத் தெரியாதா? அலமாரிகளைக் கழற்ற வேண்டும், இன்னும் அரை நாள் பிடிக்கும். பாய்லர் மாட்டிய அன்று சாயங்காலம் சண்டர்லேண்டில் கால்பந்து ஆட்டம். விரல் தடிமனே உள்ள குழாய் ஒன்றை, மேலே உறைகூடப் போடாமல், வடக்குச் சுவர் நெடுக வெளியில் ஓட்டிவிட்டு, "ஆயுசுக்கும் கவலையில்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"ஆறு மணிக்கு அவங்க பாய்லர் ஓட ஆரம்பிக்கும். அதுக்குள்ள குழாய் மேல தண்ணி ஊத்தி ஐஸைக் கரைச்சிடுவேன்" என்றார் டெரெக். "வெதுவெதுப்பாதான் ஊத்துறேன். கொதிக்கக் கொதிக்க ஊத்துனா குழாய் வெடிச்சிடும்."

"எத்தனை நாளா?"

"இன்னியோட பதினேழு."

அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கீத் முனகினான்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நம்பிட்டா அது இன்னும் கஷ்டம். என் தம்பி மாட்டினது, என் தம்பி மாட்டினதுன்னு தெரு பூரா சொல்லிக்கிட்டிருக்காங்க. இப்ப அவங்களுக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தான்." டெரெக் முழங்காலைத் தடவிக்கொண்டார். "குழாயை மட்டும் மாத்திக் குடுத்துடு. இந்தக் காலை வச்சுக்கிட்டு என்னால சுவர் ஏற முடியல."

கீத் திரும்பி வந்தபோது மொரீன் வாசலிலேயே காத்திருந்தாள். "என்னடா சொன்னான்?"

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். அதில் இருந்த பெருமையைப் பார்த்தான்.

"இனிமே வரமாட்டான்க்கா" என்றான்.

அலமாரிகளைக் கழற்றினான். மத்தியானத்துக்குள் குழாய் வீட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. எதற்கு இதெல்லாம் என்று மொரீன் கேட்டதற்கு, சும்மா, வந்ததோடு வந்ததாக ஒரு சின்ன வேலை என்றான். அவள் டீ போட்டு, ஹாம் வைத்த ரொட்டியும் கொடுத்து, வழியனுப்ப வாசல் வரை வந்தாள்.

எதிர்வீட்டுக்காரி பனியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தெருவுக்கே கேட்கும்படி மொரீன் அவளிடம் சொன்னாள்: "என் தம்பி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். கருங்காலிப் பய பயந்து நடுங்கிட்டான்."

நாலடி தள்ளி, டெரெக்கும் தன் வாசற்பனியை அள்ளிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஒரு கணம் நின்றது. அவர் கீத்தை ஏறிட்டுப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி குனிந்து அள்ள ஆரம்பித்தார்.

கீத் வேனில் ஏறினான். வேனைக் கிளப்பிக்கொண்டு போனான்.