அணைத்து வைத்த வண்டி

புகைச் சோதனை நிலையத்தில் எங்கள் முறை வருகிறது. சலவைக்கடை முதலாளி சாவியைத் திருப்ப, பழைய வேன் இருமிக்கொண்டு எழுகிறது. டீசல் வீணாகக் கூடாதென்று வரிசையில் இரண்டு மணி நேரமும் எஞ்சினை அணைத்தே வைத்திருந்தோம். பின்னாலிருந்து தள்ளியவன் நான்தான். கதவுத் துரு உள்ளங்கையெல்லாம் அப்பியிருக்கிறது. சோதனைக்காரர் புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகுகிறார். பெட்டியில் சிவப்பு எண் ஏறிக்கொண்டே போகிறது.

“எஞ்சின் ஆறிப் போச்சேண்ணே. சூடா இருந்தாத்தானே புகை குறையும்? அணைச்சா வச்சிருந்தீங்க?”

முதலாளி என்னைப் பார்க்கிறார். நான் என் கையைப் பார்க்கிறேன்.

“மிச்சம் பிடிச்ச லட்சணம்!” என்கிறார் முன்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளியம்மா. “எங்க வீட்டுக்காரரு விடுற பீடிப் புகையை அளந்தீங்கன்னா உங்க பெட்டியே மயங்கி விழுந்துடும் தம்பி.”

யாரோ சிரிக்கிறார்கள். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனைச் சீட்டு இல்லாத வண்டியை நாளையிலிருந்து நகருக்குள் விடமாட்டார்கள். துணி வெளுக்கக் கொடுத்து எங்களுக்குச் சோறு போடும் ஆஸ்பத்திரி நகருக்குள்தான் இருக்கிறது.

“எண் கூடிப் போச்சு. எஞ்சினை ஓடவிட்டே திரும்ப வரிசைக்கு வாங்கண்ணே” என்கிறார் சோதனைக்காரர்.

வரிசையின் கடைசியில் போய் நிற்கிறோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. டீசல் முள் அடியைத் தொடப் பார்க்கிறது. முதலாளி எஞ்சினை அணைக்கவில்லை. நின்ற இடத்திலேயே வண்டி கரும்புகையைக் கக்குகிறது. வண்டிக்குள் ஆஸ்பத்திரிப் போர்வைகள் வெள்ளை வெளேரென்று அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கொக்கி போன பின்கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் புகையிலேயே நான் நிற்கிறேன்.